ஒட்டுக்கத்தியின் சாய்வுக்கு ஒரு மர ஆப்பு

மா ஒட்டு காய்ந்துபோனால் குச்சியையும் வெயிலையும் குறை சொல்வார்கள். கத்தியைப் பார்ப்பவர் குறைவு. மழுங்கிய கத்தி பட்டையை நசுக்கிவிடும். வெட்டிய இடம் சமமாக இராது; குச்சி வேர்ச்செடியோடு பொருந்தாது.

தீட்டும்போது சாய்வு இழுப்புக்கு இழுப்பு மாறுவதே கோளாறு. கல்லின் மேல் கத்தியின் முதுகு எவ்வளவு உயர்கிறது என்பதுதான் கணக்கு. கத்தி அகலத்தில் நாலில் ஒரு பங்கு உயர்ந்தால் சாய்வு சுமார் 15 டிகிரி, மூன்றில் ஒரு பங்கானால் 20, பாதியானால் 30. ஒட்டுக்கத்திக்கு 20 போதும்.

அந்தச் சாய்வில் மர ஆப்பு ஒன்று சீவி, கல்லின் ஓரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் முன் கத்தியை அதன்மேல் படியவைத்து, அதே சாய்வில் இழுக்கலாம். வாயோரம் பேனா மை தடவி இரண்டு இழுப்பு இழுத்தால் உண்மை தெரியும். நுனியில் மட்டும் மை அழிந்தால் சாய்வு அதிகம். நுனியில் அழியாமல் மேலே மட்டும் அழிந்தால் குறைவு.

ஒருபக்கச் சாய்வுக் கத்தியானால், மறுபக்கத்தைக் கல்லில் தட்டையாக வைத்துப் பிசிறை மட்டும் எடுக்க வேண்டும். விறகு வெட்டும் அரிவாளுக்கு இவ்வளவு மெல்லிய வாய் ஆகாது, மடங்கிவிடும்; 30 டிகிரி வைக்கலாம். பல் வைத்த கருக்கரிவாளைக் கல்லில் தேய்க்கவே கூடாது. அது கொல்லர் வேலை.