ஒரே கடல், இரண்டு நீதி!

கரீபியன் கடலிலே ரோவாத்தான் என்றொரு தீவு. மத்திய அமெரிக்காவிலுள்ள ஹோண்டுராஸ் நாட்டைச் சேர்ந்தது. அந்தத் தீவின் ஓரத்திலே, வெதுவெதுப்பான நீருக்கடியிலே, பவழத் தோட்டம்! விசிறிபோல் விரிந்தாடும் பவழம், மூளையின் மடிப்பைப்போல் சுருண்டு கிடக்கும் பவழம், இடையிடையே நீந்தித் திரியும் வண்ண மீன்கள்! மெக்சிகோவின் யுக்கட்டான் முனையில் தொடங்கி இந்தத் தீவுகள் வரையில் ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் பவழத் தொடரின் தென்கோடி அது.

பவழம் பாறையென்று எண்ணுவோர் உண்டு. பாறையல்ல, தோழர்களே, உயிர்! கண்ணுக்கு எளிதில் தெரியாத சின்னஞ்சிறு பிராணிகள், கோடானு கோடி, தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பு சேர்த்துக் கட்டிய கோட்டை அது. அதைக் காண உலகெங்குமிருந்து உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். முதுகிலே காற்றுச் சிலிண்டர், வாயிலே குழாய், காலிலே மீன் துடுப்பு. 1943-ல் பிரான்சு நாட்டிலே கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் கக்னான் என்ற பொறியியலாரும் சேர்ந்து செய்த கருவியின் வழிவந்த கருவி அது. மனிதனை மீனாக்கிய கருவி!

வரட்டும், பார்க்கட்டும், மகிழட்டும். அழகைக் காண்பதைக் குற்றமென்று கூறும் கும்பலல்ல நாம். ஆனால், அந்தப் பயணியைக் கடலில் இறக்குமுன் எத்தனை காவல் என்பதைக் கவனியுங்கள். முதலில் பயிற்சி. பிறகு சான்றிதழ். புதியவனுக்கு 18 மீட்டர் ஆழம்தான். தேர்ந்தவனுக்கும் 40 மீட்டர்தான் எல்லை. மணிக்கட்டிலே கணிப்பொறி. அது ஆழத்தைச் சொல்லும், நேரத்தைச் சொல்லும், 'போதும், ஏறு' என்று எச்சரிக்கும். ஏறும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் ஆகாது. கரையேறுமுன் 5 மீட்டர் ஆழத்திலே 3 நிமிடம் நிற்க வேண்டும். பல முறை மூழ்கியவன் 18 மணி நேரம் கழியும் வரையில் விமானம் ஏறக்கூடாது.

ஏன் இத்தனை கட்டுப்பாடு? கோலி சோடாவைக் கேளுங்கள், அது பதில் சொல்லும்! குப்பி மூடியிருக்கும் வரையில் உள்ளே ஒரு குமிழி தெரிகிறதா? கோலியை அழுத்தியதும் என்ன ஆகிறது? புஸ்ஸென்று பொங்குகிறது! மூழ்குபவன் உடலும் அப்படித்தான். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு மடங்கு அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரிலே, தரையில் உள்ளதைப்போல் நான்கு மடங்கு! அந்த அழுத்தத்திலே, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெல்ல ஏறினால் மூச்சோடு வெளியேறிவிடும். விரைந்து ஏறினாலோ உடலுக்குள்ளேயே குமிழியாகப் பொங்குகிறது. தண்டுவடத்திலே பொங்கினால் கால் போயிற்று! மூளையிலே பொங்கினால் உயிரே போகலாம்.

இதெல்லாம் பயணிக்குத் தெரியும். ஏனென்றால் சொல்லித் தரப்படுகிறது.

இனி, அதே நாட்டின் கிழக்குக் கரைக்குச் செல்வோம். அது மிஸ்கித்தோ மக்கள் வாழும் பூமி. அங்கேயும் ஆண்கள் முதுகிலே சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலில் இறங்குகிறார்கள், பவழம் பார்க்க அல்ல, சிங்கி இறால் பிடிக்க! பிடிக்கும் இறால் அவர்கள் தட்டுக்கு வருவதில்லை. பெரும்பகுதி அமெரிக்காவின் உணவு விடுதிகளுக்குச் செல்கிறது.

அவர்களுக்கு மணிக்கட்டிலே கணிப்பொறியா? ஆழமானிகூட இல்லாமல் இறங்கியவர்கள் ஏராளம். பயணி நாளொன்றுக்கு இரண்டு, மூன்று சிலிண்டரோடு நிறுத்துகிறான். இவர்களோ பத்து, பன்னிரண்டு என்று தீர்க்கிறார்கள்! ஆழம் குறைந்த இடத்திலே இறால் அற்றுப்போய்விட்டது. ஆகவே 30 மீட்டர், அதற்கும் கீழே! கூலி எப்படி? பிடித்த இறாலின் எடைக்குத்தான் காசு. வீட்டுக்கு முன்பணம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் படகேறியவன், 'இன்று போதும்' என்று சொல்ல முடியுமா? எடை ஏறினால்தான் அடுப்பு எரியும். அடுப்பு எரிய வேண்டுமென்றால் ஆழம் கூட வேண்டும்!

விளைவு? ஆயிரக்கணக்கில் வந்தது ஊனம்! வாலிபன் படகேறிப் போகிறான். பலகையிலே கிடத்தித் தூக்கி வரப்படுகிறான். அழுத்த அறையிலே வைத்து உயிர்வளி கொடுத்து உடனே மருத்துவம் செய்தால் பலரைக் காப்பாற்றலாம். ஆனால் படகு நிற்பதோ நடுக்கடலிலே!

அந்த மக்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. 'லிவா மைரின்' என்ற கடற்கன்னி, அளவுக்கு மீறி அள்ளுகிறவனை அடித்துவிடுகிறாளாம். அதனால்தான் கால் விழுகிறதாம். கன்னியின் கோபமல்ல அது, காற்றின் குமிழி என்கிறது விஞ்ஞானம். விஞ்ஞானத்தின் பக்கமே நாம். எனினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அளவுக்கு மீறி அள்ளியவன் யார்? கூலிக்கு மூழ்கியவனா, படகுக்கும் பனிக்கட்டிப் பெட்டிக்கும் உடையவனா? அடி விழுந்ததோ மூழ்கியவன் மீது!

'நோய் இன்னதென்று யாருக்குத் தெரியும்?' என்று முதலாளி சொல்ல முடியாது. 1870-களிலே அமெரிக்காவில் ப்ரூக்ளின் பாலத்துக்கு ஆற்றடியில் அடித்தளம் தோண்டிய தொழிலாளர்களை வளைத்துப் போட்டது இதே நோய். அங்கே தலைமைப் பொறியாளரே அதற்கு இரையானார். 1878-ல் பால் பேர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, நைட்ரஜன் குமிழியே காரணம் என்று காட்டினார். 1908-ல் ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி, எந்த ஆழத்திலிருந்து எப்படி ஏற வேண்டுமென்று அட்டவணையே வெளியிட்டார். இன்று பயணியின் கையிலே மின்னும் கணிப்பொறிக்கு மூதாதை அந்த அட்டவணை. தொழிலாளி துடித்ததால் பிறந்த அறிவு அது. உல்லாசப் பயணியிடம் போய்ச் சேர்ந்தது. ஒரு நூற்றாண்டு கடந்தும் மிஸ்கித்தோ தொழிலாளியிடம் வந்து சேரவில்லை!

வழக்குத் தொடுத்தார்கள். 42 பேருக்காக. அவர்களுள் 34 பேர் ஆழத்திலிருந்து ஏறி நோய்ப்பட்டவர்கள். அந்த 34 பேரில் 12 பேர் மாண்டார்கள். 7 பேர், படகிலே எரிவாயு உருளை வெடித்துத் தீப்பற்றிச் செத்தவர்கள். இன்னொருவன் 16 வயதுச் சிறுவன். சிறு தோணியிலே கடலில் விடப்பட்டவன், திரும்பவேயில்லை. 2004-ல் முறையீடு. 2021 ஆகஸ்ட் 31-ல்தான், அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்பு! ஹோண்டுராஸ் அரசு பொறுப்பை ஒப்புக்கொண்டது. இழப்பீடும் மருத்துவ உதவியும் தர உடன்பட்டது. தனியார் கம்பெனிகளைக் கண்காணிப்பது அரசின் கடமை என்று நீதிமன்றம் அழுத்தந்திருத்தமாக அறிவித்தது.

பதினேழு ஆண்டு! பிள்ளை பிறந்து பள்ளி முடிக்கும் காலம். அத்தனை காலமும் கட்டிலில் கிடந்தவன் காத்திருந்தான்.

'ஆபத்தென்றால் அந்தத் தொழிலையே தடுத்துவிட்டால் என்ன?' என்பார் சிலர். தடுக்கலாம். கூண்டு வைத்தும் இறால் பிடிக்கலாம், பிடிக்கவும் செய்கிறார்கள். ஆனால், வேறு வேலை தராமல் தடை மட்டும் போட்டால், நோயால் முடங்கியவனோடு பசியால் முடங்கியவனும் சேர்வான். மாற்று வேலை கொடு. அது வரும் வரையில் ஆழமானி கொடு, பயிற்சி கொடு, அளவோடு மூழ்கினாலும் வயிறு நிறையும் கூலி கொடு. இது பிச்சையல்ல. பயணிக்குக் கேளாமலே கிடைப்பதைத்தான் பாட்டாளிக்கும் கேட்கிறோம்.

கடலின் அழுத்தம் ஆளுக்கொரு நீதி வைத்திருக்கவில்லை. 30 மீட்டரிலே பணக்காரனுக்கும் நான்கு மடங்கு, பாட்டாளிக்கும் நான்கு மடங்கு! வேற்றுமை அனைத்தும் படகின் மேல்தளத்திலே மனிதன் செய்தது. மனிதன் செய்ததை மனிதனே மாற்றலாம். மாற்றத்தான் வேண்டும்!