புள்ளலூர்த் தூண்களை யாருக்காகக் காக்க வேண்டும்?

மைசூர்ப் போர்கள் பாடத்தை நடத்தி முடித்தபின், தேவிகாபுரத்திலிருந்து மாணவர்களைக் காஞ்சிபுரம் அருகிலுள்ள புள்ளலூருக்கு அழைத்துச் சென்றேன். 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை ஐதர் அலியும் திப்புவும் முறியடித்த ஊர் அது. மறு ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று அங்கு மீண்டும் நடந்த போரில் இறந்த ஜார்ஜ் பிரவுன், ஜேம்ஸ் ஹிஸ்லாப் என்ற ஆங்கில அதிகாரிகளுக்கு இரண்டு நினைவுத் தூண்கள் உள்ளன.

விரிசலில் செடி முளைத்திருந்தது. "வெள்ளைக்காரங்க தூணை நாம ஏன் டீச்சர் காப்பாத்தணும்?" என்றாள் ஒரு மாணவி.

கும்பினிப் படையிலும் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்களே. அவர்களின் பெயர்கள் தூண்களில் இல்லை. ஆனால், அவர்களும் மடிந்த களத்தை இன்று நமக்கு அடையாளம் காட்டுபவை இத்தூண்கள்தாம்.

இத்தகைய பழைய சின்னங்களில் செடியைப் பிடுங்கினால் வேரோடு காரையும் பெயரும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் சுண்ணாம்புக் காரை உதிரும். சுண்ணாம்புக் கலவையே பொருந்தும். பழுதுபார்ப்பது தொல்லியல் வல்லுநர்களின் பணி. மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நின்று படமெடுத்து, விரிசலை ஒப்பிட்டு, தொல்லியல் துறைக்குக் கடிதம் எழுதலாம்.

எங்கள் களக்குறிப்பேட்டில், அந்த இரு பெயர்களுக்குக் கீழே 'பெயர் தெரியாத சிப்பாய்கள்' என்று அந்த மாணவியே சேர்த்து எழுதினாள்.