தப்பையும் சப்பைக்கட்டும்

ஸ்பிளிண்ட் என்றொரு ஆங்கிலச் சொல். முறிந்த கையையும் காலையும் அசையாது தாங்கி நிற்கும் பலகைக்கும் தகட்டுக்கும் அதுவே பெயர். கேட்டதும், மேல்நாட்டார் மட்டுமே கண்ட பெரும்பொருள் போலும் என்று மலைப்போர் உண்டு. மலைக்க வேண்டாம், அதன் மூலத்தைச் சற்றே காண்போம்!

பிளத்தலோடு உறவுடைய டச்சு, ஜெர்மானியச் சொற்குடும்பத்தில் பிறந்தது அது. விரலில் தைக்கும் சிராய்க்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் அதன் உடன்பிறப்பே. போர்வீரனின் கவசத்தில் அடுக்கிய தகட்டுக்கு முதலில் அப்பெயர். பிறகு முறிந்த எலும்புக்குக் கட்டும் பத்தைக்கு. கூடை முடையும் சீவலுக்கு. தீப்பெட்டித் தொழிலிலே மருந்து தோய்க்காத குச்சிக்கு! பொருள் பல, கரு ஒன்றே — பிளந்தெடுத்த துண்டு!

அதை நம் நாட்டு வைத்தியர் எப்படி அழைத்தார்? தப்பை என்றார். மூங்கிலைப் பிளந்தால் தப்பை! எவரும் எவரிடமும் கடன் வாங்கவில்லை. முறிந்ததைத் தாங்கப் பிளந்ததைத் தேடினான் மனிதன், அங்கும், இங்கும். எகிப்தின் பழங்கல்லறைகளிலும் தப்பை கட்டிய எலும்புகள் கிடைத்துள்ளன. காலை அசையாது தாங்கும் புதுவகைத் தாங்கியை 1875-இல் அறிமுகப்படுத்திய ஹியூ ஓவன் தாமஸ், நாட்டு எலும்பு வைத்தியர் குடும்பத்திலே பிறந்து, மருத்துவக் கல்வியும் கற்றவர். முதல் உலகப் போரிலே அவர் கருவி எண்ணற்ற வீரர்களைச் சாவிலிருந்து மீட்டது. பரம்பரைக் கைத்திறனோடு ஆய்ந்தறியும் அறிவு கைகோத்தது. உலகம் பயன் பெற்றது!

பழையது என்பதாலேயே போற்றுவோர் அல்லோம் நாம். இறுகக் கட்டிய தப்பையால் இரத்த ஓட்டம் நின்று, கால் அழுகி, அதையே இழந்தோர் உண்டு. புதியது என்பதாலேயே தூற்றுவோரும் அல்லோம். வேண்டுவது அறிவு, அது எளியவனுக்கும் எட்டும் தமிழில்!

பெரம்பலூர் வழியே ஓடுகிறது சென்னை–திருச்சி நெடுஞ்சாலை. அரியலூரிலோ, சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் சுமந்து ஓடும் லாரிகள். விபத்துக்குள்ளானோர்க்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கிற்று. 2022-இல் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. நன்று! ஆனால் மருத்துவமனை சேரும்வரை? ஆம்புலன்ஸ் வரும்வரை அருகிருப்பவன் என்ன செய்வான்?

வளைந்த காலை நிமிர்த்த முயலாதீர். இரத்தம் வழிந்தால் தூய துணியால் முதலில் அதைத் தடுப்பீர். தூக்கிச் செல்ல வேண்டிய நிலை வந்தால், துணி சுற்றிய தப்பையோ பலகையோ, முறிவுக்கு மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் தாண்டி நிற்க வைத்துக் கட்டுவீர். முறிந்த இடத்தின் மேலே கட்டாதீர். விரல்கள் வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ, கட்டைத் தளர்த்துவீர். இவ்வளவுதான்! இதை ஒவ்வொரு பள்ளியிலும், லாரி ஓட்டும் ஒவ்வொரு தோழனுக்கும், தமிழிலே செயல்முறையாகக் கற்பித்தால் எத்தனை கால்கள் பிழைக்கும்!

‘நிதியில்லை, நேரமில்லை, தமிழில் சொல்லில்லை’ என்பார்களோ? தப்பைக்கட்டு முறிந்த எலும்பைத் தாங்கும். சப்பைக்கட்டோ முறிந்த வாதத்தைத் தாங்கப் பார்க்கும்! 1956 நவம்பர் 23. அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைய, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மழைமீது பழி போட்டுத் தப்பியிருக்கலாம், ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. போடவில்லை, பதவி துறந்தார். மாற்றாரும் மதிக்கும் மாண்பு அது!

எலும்பு முறிந்தால் தப்பை கட்டுவோம். கடமை முறிந்தால் சப்பைக்கட்டுக் கட்ட எவரையும் விடோம்!