சம்பளம் போதாத கோடீஸ்வரர்கள்

ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ள ஒருவர், தன் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் பெயரில் கணக்கு வைத்து மறைவாகப் பணம் வாங்குவாரா? அனில் குமார் வாங்கினார். உலகின் பெரிய நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் மெக்கின்சியில் அவர் மூத்த பங்குதாரர். அவருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் கொடுத்தவர் ராஜ் ராஜரத்தினம். கொழும்பில் பிறந்த தமிழர். நியூயார்க்கில் 1997-ல் கேலியன் என்ற முதலீட்டு நிதியைத் தொடங்கி, அமெரிக்கக் கோடீஸ்வரர் பட்டியலில் இடம்பிடித்தவர்.

வயிற்றுப்பாட்டுக்காகத் திருடுபவரைப் புரிந்துகொள்ள நமக்குச் சிரமமில்லை. வயிறு நிறைந்தவர் ஏன் கை நீட்டுகிறார் என்பதற்குத்தான் பதில் எளிதில் கிடைப்பதில்லை. அந்தப் பதிலைத் தேட இந்த வழக்கைவிட நல்ல இடம் இல்லை. அந்தரங்கமாகப் பேசிய பேச்செல்லாம் ஒலிப்பதிவாக நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது. அமெரிக்கப் புலனாய்வுத் துறை போதைக் கும்பல்களுக்கு வைக்கும் தொலைபேசி ஒட்டுக்கேட்பை, பங்குச்சந்தைக் குற்றத்துக்கு முதன்முறையாகப் பெரிய அளவில் பயன்படுத்தியது இங்கேதான்.

முதலில் குற்றம் என்னவென்று பார்த்துவிடுவோம். புறவழிச்சாலை எந்தப் பக்கமாகப் போகப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்த அதிகாரி, அறிவிப்பு வருவதற்குள் தன் நண்பரை விட்டு அந்தப் பக்கத்து நிலத்தை வாங்க வைத்தால் எப்படி? பங்குச்சந்தையில் அதன் பெயர் இன்சைடர் டிரேடிங். ஒரு நிறுவனத்தின் லாப நட்டக் கணக்கோ, இன்னொரு நிறுவனத்தை விலைக்கு வாங்கும் திட்டமோ ஊருக்குத் தெரியும் முன்பே உள்ளிருப்பவர் சொல்லிக்கொடுக்க, அதை வைத்துப் பங்கு வாங்குவது அல்லது விற்பது. எதிரே பங்கை விற்றவருக்கு விஷயம் தெரியாது. இவருடைய லாபம் அவருடைய அறியாமையிலிருந்து வருகிறது.

குமாரும் ராஜரத்தினமும் பென்சில்வேனியாவின் வார்ட்டன் மேலாண்மைப் பள்ளியில் ஒரே வகுப்பு, 1983-ல் முடித்தவர்கள். இருபது ஆண்டு கழித்து ஒரு நிகழ்ச்சியில் சந்தித்தபோது ராஜரத்தினம் தன்னிடம் என்ன சொன்னார் என்பதைக் குமார் சாட்சிக் கூண்டில் விவரித்தார். நீ இவ்வளவு உழைக்கிறாய், ஊர் ஊராய்ப் பறக்கிறாய், உன் அறிவுக்கு ஏற்ற கூலி உனக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். லஞ்சம் என்ற சொல்லே அதில் இல்லை, அனுதாபம்தான் இருந்தது. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன் கோடிகளில் புரளும்போது நமக்கு ஏன் வெறும் சம்பளம் என்ற எண்ணம் ஏற்கெனவே மனதில் இல்லாவிட்டால் அந்த அனுதாபம் வேலை செய்திருக்காது.

ராஜரத்தினம் கேட்டது முதலில் பொதுவான ஆலோசனை. கொஞ்சம் கொஞ்சமாக அது வாடிக்கையாளர்களின் ரகசியமாக மாறியது. ஏஎம்டி என்ற சிப் நிறுவனம் 2006-ல் ஏடிஐ நிறுவனத்தைச் சுமார் 540 கோடி டாலருக்கு வாங்கப்போவதைக் குமார் முன்கூட்டியே சொன்னார். அதற்குத் தனியாகப் பத்து லட்சம் டாலர் கிடைத்தது. அதே வகுப்பில் படித்து இன்டெல்லில் பெரிய பொறுப்பில் இருந்த ராஜீவ் கோயலும் இந்த வலையில் விழுந்தார். அவரைப் பிடித்த தூண்டில், கஷ்டகாலத்தில் கொடுத்த கடன்.

இதுவரை உள்ள கதை பணத்தாசையில் அடங்கிவிடும். ரஜத் குப்தா விஷயம் அப்படி அடங்காது.

கொல்கத்தாவில் பிறந்து, இளம் வயதிலேயே பெற்றோரை இழந்து, டெல்லி ஐஐடி, ஹார்வர்டு வழியாக மெக்கின்சியில் சேர்ந்தவர் அவர். 1994 முதல் 2003 வரை அந்த நிறுவனத்தின் தலைவர்; அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர். ஹைதராபாத்தின் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ் உருவானதில் பெரும்பங்கு அவருக்கு. எய்ட்ஸ், காசநோய், மலேரியாவை எதிர்க்கும் உலக நிதியத்தின் தலைவராகவும் இருந்தார். கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியின் இயக்குநர் குழுவிலும் இடம். அந்தஸ்து என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது முழுவதும் அவரிடம் இருந்தது.

2008 ஆகஸ்டில் ராஜரத்தினம் தொலைபேசியில் குமாரிடம் குப்தாவைப் பற்றிப் பேசியது பதிவாகியிருக்கிறது. கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனத்தின் பக்கம் குப்தாவின் மனம் சாய்கிறது. அங்கே இருப்பது நூறு கோடி டாலர் ஆசாமிகளின் வட்டம், கோல்ட்மேனில் இருப்பதோ பத்து இருபது கோடிகளின் வட்டம்தான். குப்தாவுக்கு மேல் வட்டத்தில் உட்கார ஆசை என்பது ராஜரத்தினத்தின் கணிப்பு. கேலியாகச் சொன்னாரோ, ஆராய்ந்து சொன்னாரோ, எனக்கு இந்த வழக்கிலேயே கூர்மையான பேச்சு இதுதான். பத்துக் கோடி டாலர் வைத்திருப்பவரையும் ஏழை ஆக்கிவிடலாம். நூறு கோடிக்காரர்களின் பந்தியில் உட்கார வைத்தால் போதும்.

அடுத்த மாதம் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. செப்டம்பர் 23 அன்று வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் நிறுவனம் 500 கோடி டாலர் முதலீடு செய்வதை கோல்ட்மேனின் இயக்குநர் குழு தொலைபேசிக் கூட்டத்தில் ஏற்றுக்கொண்டது. கூட்டம் முடிந்து ஒரு நிமிடம் ஆவதற்குள் குப்தா ராஜரத்தினத்தை அழைத்தார். சந்தை மூடச் சில நிமிடங்களே இருந்தபோது கேலியன் கோல்ட்மேன் பங்குகளை வாங்கியது. அக்டோபர் 23 அன்று, வங்கி அந்தக் காலாண்டில் நட்டம் காணப்போகிறது என்ற செய்தி இயக்குநர்களுக்குச் சொல்லப்பட்டது. இந்த முறை 23 நொடி. மறுநாள் காலை கேலியன் கோல்ட்மேன் பங்குகளை விற்றது.

குப்தா இந்தப் பங்கு வியாபாரத்தில் நேரடியாகப் பணம் எடுத்ததாக நிரூபிக்கப்படவில்லை. ராஜரத்தினத்துடன் சேர்ந்து போட்ட ஒரு முதலீட்டில் தான் ஒரு கோடி டாலரை இழந்திருந்ததாகவே அவர் தரப்பு வாதிட்டது. அரசுத் தரப்பு சொன்னதோ, இது எதிர்கால வாய்ப்புகளுக்கும் உறவுக்கும் கொடுத்த விலை என்று. மேல்மட்டத்தில் ரகசியம் பெரும்பாலும் காசுக்கு விற்கப்படுவதில்லை, மொய்யாக எழுதப்படுகிறது. திரும்பி வரும் என்ற நம்பிக்கை இருக்கும், ரசீது இருக்காது.

ராஜரத்தினம் 2009 அக்டோபரில் கைதானார். கொழும்புப் பங்குச்சந்தையில் அவர் பெரிய முதலீட்டாளர் என்பதால் அங்கும் விலைகள் சரிந்தன. சுனாமியின்போது இலங்கைக்கு நிவாரணம் திரட்டிய அவர்மேல் நம்மவர்கள் பலருக்கு மதிப்பு இருந்தது. அந்த உதவி பொய்யில்லை, குற்றமும் பொய்யில்லை. 14 குற்றச்சாட்டுகளிலும் தண்டிக்கப்பட்டு 11 ஆண்டு சிறை பெற்றார். குற்றவாளி என்று தீர்ப்பான குப்தாவுக்காக பில் கேட்ஸும் கோஃபி அன்னானும் நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். நீதிபதி ஜெட் ராகாஃப் அவருடைய தொண்டுப் பணியை மனமாரப் பாராட்டினார்; பாராட்டிவிட்டு 2 ஆண்டு சிறையும் 50 லட்சம் டாலர் அபராதமும் விதித்தார். குப்தாவும் ராஜரத்தினமும் பின்னாளில் புத்தகம் எழுதித் தாங்கள் நிரபராதிகள் என்றார்கள்.

ரகசியத்தைப் பணத்துக்கு விற்றதை ஒப்புக்கொண்ட குமாரும், கோயலும், அரசுத் தரப்பு சாட்சிகளாக மாறியதால் ஒரு நாள்கூடச் சிறை போகவில்லை. நன்னடத்தைக் கண்காணிப்போடு தப்பினார்கள். நேர்மைக்குப் பலன் உண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இந்த வழக்கு உதவாது. முதலில் ஒப்புக்கொண்டவருக்குப் பலன் உண்டு என்பதைத்தான் இது காட்டுகிறது.

நேர்மையாக இருந்தால் மேலே போக முடியாது என்பார்கள் சிலர். குமார், கோயல், குப்தா மூவரும் நேர்மையால் மேலே போகவில்லையா? நிறுவனங்கள் தங்கள் ரகசியத்தை நம்பி ஒப்படைக்கும் ஆட்களாக அவர்கள் இருபது முப்பது ஆண்டு இருந்ததால்தான் அந்த நாற்காலிகள் கிடைத்தன. விற்க ஏதோ ஒன்று கையில் இருந்ததே அந்த நம்பிக்கையால்தான். உச்சிக்குப் போன பிறகு, பக்கத்து நாற்காலியைப் பார்த்ததில் வந்தது வினை.

இதெல்லாம் வால் ஸ்ட்ரீட் விவகாரம் என்று சென்னையிலோ கோவையிலோ ஐடி வேலையில் இருப்பவர் ஒதுக்கிவிட வேண்டாம். பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் கணக்கையோ பெரிய ஒப்பந்தத்தையோ தொடும் வேலையில் இருந்தால், இந்தியப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2015-ஆம் ஆண்டு விதிகள் உங்களையும் கட்டும். காலாண்டு முடிந்த நாளிலிருந்து முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் கழியும் வரை, இத்தகைய பொறுப்பில் இருப்பவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் அந்த நிறுவனப் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. நீங்கள் ஒரு பங்குகூட வாங்காமல், வெளிவராத செய்தியை மச்சானிடம் வாய்தவறிச் சொன்னாலும் அதுவே விதிமீறல். குறைந்தபட்ச அபராதம் 10 லட்சம் ரூபாய். அதிகபட்சம் 25 கோடி அல்லது கிடைத்த லாபத்தின் மூன்று மடங்கு, எது அதிகமோ அது. சந்தேகம் வந்தால் பங்கைத் தொடும் முன் உங்கள் நிறுவனத்தின் இணக்க அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.