தரைக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே போகுது? வேலம்பாளையத்துக்கு ஏன் வேணும் டிஜிட்டல் வரைபடம்?

ரோட்டில் தண்ணீர் பீறிட்டு ஓடுகிறது. ஜேசிபி வந்து நிற்கிறது. எந்த வால்வை மூடினால் தண்ணீர் நிற்கும்? அந்த வால்வு எங்கே? அதன்மேல் தார் போட்டு மூடிவிட்டார்களா?

பல ஊர்களில் இதற்கான விடை இரண்டே இடங்களில்தான் இருக்கும். ஒன்று, அலுவலக பீரோவில் மடித்து வைத்த வரைபடம். இன்னொன்று, அந்த ஏரியாவுக்குப் பல வருஷமாகத் தண்ணி திறந்துவிடுபவரின் ஞாபகம். வரைபடம் மடிப்பிலேயே கிழிந்துவிடும். அவரும் ஒருநாள் ஓய்வு பெற்றுவிடுவார். அப்புறம்?

வேலம்பாளையத்தில் என்ன சிக்கல்?

15 வேலம்பாளையம் முன்பு தனி நகராட்சி. 2011-ல் நல்லூர் நகராட்சி, சுற்றியிருந்த ஊராட்சிகளோடு சேர்ந்து திருப்பூர் மாநகராட்சியில் இணைந்தது. ஊர் இணைந்தாலும் தரைக்கு அடியில் இருப்பது வேறு வேறு காலத்தில், வேறு வேறு அமைப்புகள் பதித்த குழாய்கள்.

திருப்பூருக்குத் தண்ணீர் வரும் வழியும் ஒன்றல்ல. மேட்டுப்பாளையம் பவானி ஆற்றிலிருந்து வருகிறது. பவானி ஊருக்கு அருகே காவிரியிலிருந்தும் வருகிறது. காவிரித் திட்டம் தனியார் பங்களிப்போடு 2005-06 காலகட்டத்தில் செயல்பாட்டுக்கு வந்தது. நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் திறன் கொண்ட அந்தத் திட்டம் வீடுகளுக்கு மட்டுமல்ல, சாய ஆலைகளுக்கும் சேர்த்தே அமைக்கப்பட்டது. பிறகு அம்ருத் திட்டத்தில் நான்காவது குடிநீர்த் திட்டமும் பாதாள சாக்கடையும் வந்தன. ஒரே வீதிக்கு அடியில் இத்தனை அடுக்கு!

ஸ்கேன் செய்தால் போதாதா?

போதாது. ஸ்கேன் என்பது வெறும் படம். அதைப் பயன்படும் வரைபடமாக்க நான்கு படிகள் வேண்டும்.

1. ஸ்கேன்: பொறியியல் வரைபடங்கள் பெரும்பாலும் ஏ0 அளவில் இருக்கும். அதாவது 841 x 1,189 மி.மீ. அதற்கென உள்ள பெரிய ஸ்கேனரில் அங்குலத்துக்கு 300 முதல் 400 புள்ளிகள் துல்லியத்தில் எடுப்பார்கள்.

2. இடம் பொருத்துதல்: மேல்நிலைத் தொட்டி, பாலம், நாற்சந்தி போன்ற மாறாத இடங்களின் ஜிபிஎஸ் அளவை எடுத்து, படத்தை நிஜ பூமியின்மேல் பொருத்துவார்கள்.

3. கோடாக்குதல்: ஒவ்வொரு குழாயையும் தனிக் கோடாக வரைந்து, அதன் விட்டம், பதித்த ஆண்டு, ஆழம், வார்ப்பிரும்பா பிவிசியா என்ற விவரங்களை இணைப்பார்கள். இதற்கு க்யூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளே போதும்.

4. களச் சோதனை: வரைபடத்தோடு வீதிக்குப் போய் வால்வு அங்கே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உலோகக் குழாயைக் கருவி வைத்தே கண்டுபிடிக்கலாம். பிளாஸ்டிக் குழாய்க்குத் தரை ஊடுருவும் ரேடார் போன்ற கருவி தேவைப்படும்.

எங்கே தப்பு நடக்கும்?

பீரோவில் இருப்பது பெரும்பாலும் திட்டமிட்ட வரைபடம். பாறை குறுக்கிட்டதால் குழாயை இரண்டு மீட்டர் தள்ளிப் பதித்திருந்தால் அது படத்தில் இருக்காது. காகிதமும் சுருங்கும். 1:1000 வரைபடத்தில் 3 மி.மீ. பிசகினால் தரையில் 3 மீட்டர் பிசகு. பழைய தப்பு கம்ப்யூட்டர் திரையில் பளிச்சென்று தெரியும்போது அதை எல்லோரும் உண்மை என்றே நம்பிவிடுவார்கள். அதுதான் ஆபத்து.

எனவே தண்ணி திறந்துவிடுபவர்களை வீதி வீதியாக அழைத்துப் போய், அவர்கள் காட்டும் இடத்தைப் பதிவு செய்வது முக்கியம். அவர்கள் ஓய்வு பெறும் முன்பே இதைச் செய்தாக வேண்டும்.

நமக்கு என்ன லாபம்?

கசிவை அடைக்க ஊருக்கே தண்ணீரை நிறுத்த வேண்டாம், இரண்டு வீதிக்கு நிறுத்தினால் போதும். குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் எங்கே நெருங்குகின்றன என்று முன்கூட்டியே தெரியும். கணக்கில் வராத நீரை 20 சதவீதத்துக்குள் கொண்டுவருவது அம்ருத் 2.0 இலக்கு. குழாய் எங்கே என்றே தெரியாமல் கசிவைத் தேட முடியாது.

தோண்டும்போது கேபிள், குழாய்கள் சேதமாவதால் நாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்கிறது மத்திய அரசு. இதைத் தடுக்க 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யு டிக்' செயலி வந்தது. தோண்டுபவர் முன்கூட்டியே தகவல் சொன்னால், குழாய்க்குச் சொந்தமான துறைக்கு எச்சரிக்கை போகும். ஆனால், தன் குழாய் எங்கே என்று அந்தத் துறைக்கே தெரிந்திருக்க வேண்டுமே!

டிஜிட்டல் வரைபடம் ஒருமுறை செய்து முடிக்கும் வேலையும் அல்ல. ஒவ்வொரு குழியையும் மூடும் முன் ஒரு போட்டோ, ஒரு ஜிபிஎஸ் புள்ளி. அதைப் பதிவு செய்யத் தவறினால், சில வருஷத்தில் அதுவும் பீரோவில் கிடக்கும் இன்னொரு பழைய வரைபடமாகிவிடும்.