மதிப்பெண்ணும் மற்றைத் திறனும்

தேயிலைத் தோட்டங்கள் சூழ நீலமலையில் விளங்கும் பேரூர் சோலூர். இவ்வூர் மாணவன் ஒருவன் கட்டுரைப் போட்டிக்கோ அறிவியல் கண்காட்சிக்கோ உதகை சென்று திரும்பினால் ஒரு நாள் படிப்புப் போய்விடுகிறது. அந்நாள் வீணா, விதையா என்பதே பெற்றோர் உள்ளத்தில் எழும் வினா. அதற்கு விடை காண்போம்.

முதற்கண் உண்மை நிலையை அறிதல் வேண்டும். தமிழகப் பொறியியல் சேர்க்கைக்கு முன்பு நடந்த நுழைவுத் தேர்வு 2007ஆம் ஆண்டு முதல் நீக்கப்பட்டது. இப்போது கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மேனிலைத் தேர்வு மதிப்பெண்களை 200க்குக் கணக்கிட்டே தரவரிசை வகுக்கின்றனர். பேச்சுப் போட்டிச் சான்றிதழ்கள் பத்து இருப்பினும் அந்த 200இல் அரை மதிப்பெண்ணும் கூடாது. மருத்துவத்திற்கு 'நீட்' தேர்வே வாயில். அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020இல் வழங்கப்பெற்ற 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்குள்ளும் தேர்வில் பெற்ற மதிப்பெண்ணே வரிசையை முடிவு செய்கிறது.

அவ்வாறாயின் மற்றைத் திறன்கள் பயனற்றனவா? அல்ல. சென்னைக் கணிதவியல் கழகம் தேசியக் கணித ஒலிம்பியாடில் சிறந்தோர்க்குத் தனிவழி அளித்து வந்துள்ளது. சென்னை ஐ.ஐ.டி. 2024இல் விளையாட்டு வீரர்க்கென இடங்களை ஒதுக்கியது. ஆயினும் அவர்களும் கூட்டு நுழைவுத் தேர்வில் தரவரிசை பெற்றிருத்தல் வேண்டும். திறன் கதவைத் திறக்கிறது. படிப்பே வாசல்வரை அழைத்துச் செல்கிறது.

2022இல் தொடங்கிய தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு இதற்கு நல்ல சான்று. பதினோராம் வகுப்பு மாணவர் எழுதும் இத்தேர்வில் 1500 பேர் தெரிந்தெடுக்கப்பெற்று, திங்கள்தோறும் 1500 ரூபாய் வீதம் ஈராண்டுகள் உதவித்தொகை பெறுகின்றனர். இதற்குரிய பாடமோ பத்தாம் வகுப்புத் தமிழே. பாடத்தை ஆழ்ந்து கற்றவனுக்கு அதுவே பரிசாகிறது.

ஆகவே நாம் கூற விழைவது இது: ஒன்பது முதல் பதினோராம் வகுப்புவரை, பாடத்தோடு ஒட்டிய ஒரு திறனை மட்டும் தேர்ந்து வளர்த்திடுக. பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண்ணை முதன்மையாகக் கொள்க. சான்றிதழ்களைக் குவித்தல் கல்வியாகாது. கல்வி தேடுவதைக் கடமையாக்கிய மார்க்கம், அளவறிந்து நடத்தலையும் நமக்குக் கற்பித்துள்ளது. அளவோடு செலவிட்டால், உதகை சென்றுவந்த அந்நாளும் விதையாகும்.