கடை அடுக்கத் தெரிந்த நமக்குச் சமையலறை அடுக்கத் தெரியவில்லை



வரி, உரிமம், தராசு முத்திரை என்று நம் இதழில் எத்தனையோ எழுதுகிறோம். இம்முறை சமையலறையைப் பற்றி எழுதுகிறேன். மளிகை மொத்த வியாபாரிக்கு அங்கே என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நாம் விற்கும் அரிசியும் பருப்பும் எண்ணெயும் கடைசியில் போய்ச் சேருகிற இடம் அதுதானே! நம்மில் பாதிப் பேருடைய சமையலறை கடைக்குப் பின்னாலோ, கடை மாடியிலோ, மிச்சம் மீதி இடத்தில்தான் இருக்கிறது.

1991-ல் அம்பத்தூரில் நான் கடையோடு சேர்த்து வீடு கட்டினேன். ரோட்டைப் பார்த்த இடம் கடைக்கு, நடுப்பகுதி கிடங்குக்கு. எஞ்சிய மூலையில் 6 அடிக்கு 8 அடியில் சமையலறை, அதாவது 48 சதுர அடி. சாப்பிடத் தனி இடம் உள்ள வீட்டில் சமையலறை 5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, அகலம் 1.8 மீட்டர் வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. 5 சதுர மீட்டர் என்றால் சுமார் 54 சதுர அடி. இந்தக் கணக்கு அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கிடங்கில் ஓர் அடியை விட்டுக் கொடுத்திருப்பேனா என்பது சந்தேகமே.

2017-ல் பரணிலிருந்து துவரம்பருப்பு டின்னை எடுக்க என் மனைவி பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறினாள். நாற்காலி சறுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, "தினமும் எடுக்கிற பருப்பை ஏன் பரணில் வைத்தாய்?" என்று கோபமாகக் கேட்டுவிட்டேன். "வேற எங்கங்க இடம் இருக்கு? உங்க கடையில சர்க்கரையைப் பரண்லயா வெச்சிருக்கீங்க?" என்றாள். பதில் சொல்ல வாய் வரவில்லை.

கடையில் நாம் என்ன செய்கிறோம்? அடிக்கடி போகும் சரக்கு கல்லாவுக்கு அருகே கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். மெல்லப் போவது மேல் தட்டில். மூட்டை தரையில், மரப்பலகை மேல். பையன் ஒரு கிலோ சர்க்கரைக்குப் பத்து அடி நடந்தால் சத்தம் போடுகிறோம். வீட்டில் 26 வருஷம் ஒருத்தி நடந்ததைக் கவனிக்கவில்லை.

கை தேறியதும் மூன்று நாள் காலையில் சமையலறை வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். அரிசி ஒரு மூலை, கழுவுகிற தொட்டி எதிர் மூலை, காய் நறுக்கத் தரை, பிரிட்ஜ் கதவைத் திறந்தால் அடுப்புப் பக்கம் போக வழியில்லை. எடுப்பது, கழுவுவது, நறுக்குவது, வேகவைப்பது என்று சமையலுக்கு ஒரு வரிசை உண்டு. சாமான்களும் அந்த வரிசையில் இருந்தால் நடை பாதியாகும். சுவரை இடிக்காமல் வரிசையை மட்டும் மாற்றினோம்.

அகலம் 72 அங்குலம். எதிரெதிரே இரண்டு மேடை போட்டால் நடுவில் 24 அங்குலம்தான் மிஞ்சும், ஆள் திரும்ப முடியாது. ஆகவே ஒரு பக்கம் 24 அங்குல மேடை, நடுவே 36 அங்குல நடை, எதிர்ச் சுவரில் நம் கடை ரேக் போல 12 அங்குல ஆழத்தில் தட்டுகள். ஆழம் குறைந்த தட்டுதான் நல்லது. ஒரு டப்பாவுக்குப் பின்னால் இன்னொன்று ஒளியாது. எது தீர்ந்தது என்று ஒரே பார்வையில் தெரியும்.

மேடையின் நீளம் 96 அங்குலம். ஜன்னல் ஓரம் தொட்டிக்கு 24, நறுக்க 30, அடுப்புக்கு 30, இறக்கிய பாத்திரம் வைக்க 12. இந்தக் கடைசி 12 அங்குலத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கொதிக்கும் குழம்பைக் கையில் பிடித்துக்கொண்டு இடம் தேடுவது அதனால்தான். பிரிட்ஜைக் கூடத்துக்குத் தள்ளினோம், பின்பக்கம் காற்றுப் போகச் சிறிது இடைவெளி விட்டு. மேடையின் உயரத்தையும் குறைத்தோம். பழைய மேடையை மேஸ்திரி தம் உயரத்துக்கு 35 அங்குலத்தில் கட்டியிருந்தார். என் மனைவி ஐந்தடிதான். முழங்கையை மடக்கி நின்றால் அதற்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை இருக்க வேண்டும். அவளுக்கு 32 அங்குலம் சரியாக வந்தது.

அரிசிக்கு மட்டும் தனிக் கணக்கு. 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பைகளுக்கு ஜி.எஸ்.டி. வந்ததும் ஆலைகள் 26 கிலோ மூட்டை போட்ட கதை நம் எல்லோருக்கும் தெரியும். லிட்டருக்குச் சுமார் 800 கிராம் என்று வைத்தால் அதற்கு 33 லிட்டர் இடம் வேண்டும். 14 அங்குல விட்டமுள்ள 35 லிட்டர் டிரம் மேடைக்கு அடியில் நிற்கும். பழைய அரிசி மேல் புது அரிசியைக் கொட்டாதீர்கள். அடியில் இருக்கும் வண்டு மேலே ஏறிவிடும். கிடங்கில் முதலில் வந்ததை முதலில் அனுப்புகிறோமே, அதே வழக்கம்தான்.

ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகராட்சி தொழிலாளர் குடியிருப்புகள் கட்டியபோது இதே சிக்கல் வந்தது. மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் 1926-ல் ஒரு சமையலறையை வடிவமைத்தார். ரயில் உணவுப் பெட்டியின் சமையலறைதான் அவருக்கு முன்மாதிரி. 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அதாவது ஏறத்தாழ 70 சதுர அடி. சுமார் பத்தாயிரம் வீடுகளில் அமைத்தார்கள். எனக்குப் பிடித்தது அதிலிருந்த அலுமினிய டப்பாக்கள். அரிசி, சர்க்கரை என்று பெயர் பொறித்து, சாய்த்துக் கொட்ட மூக்கு வைத்து, டிராயர் போல வரிசையாகச் செருகியிருந்தார்கள். மாவில் புழு வராமலிருக்க மாவு டிராயரை மட்டும் ஓக் மரத்தில் செய்தார்களாம். நம் பாட்டிமார் அஞ்சறைப் பெட்டியில் செய்ததுதான். அவர்கள் ஒரு அறை முழுக்கச் செய்தார்கள். ஒரு குறையும் உண்டு. அந்த அறையில் ஒருவர்தான் நின்று சமைக்க முடியும். மாமியாரும் மருமகளும் சேர்ந்து நிற்கிற நம் வீட்டுக்கு நடுவே 36 அங்குலமாவது வேண்டும்.

அலமாரி செய்யும் பொருளில் நம் பகுதிக்காரர்கள் ஏமாறக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் புகுந்ததையும் யாரும் மறந்திருக்க முடியாது. ஆவடிப் பக்கம் என் உறவினர் ஒருவர், பளபளப்பைப் பார்த்து மரத்தூள் பலகையில் கீழ் அலமாரி செய்திருந்தார். 2023-ல் முழங்கால் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. பலகை ரொட்டி போல ஊதி, கீல்கள் கழன்று, கதவுகள் மிதந்தன. நான் கீழே கடப்பைக்கல் தட்டு வைத்து, கதவை மட்டும் அலுமினியத்தில் போட்டேன். மேலே பிளைவுட் போதும். தண்ணீர் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள். மாடி வீட்டுக்காரர்களுக்கு இவ்வளவு கவலை வேண்டாம்.

காஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் ஆகாது. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படரும். மேலே எக்ஸாஸ்ட் விசிறி மட்டும் இருந்தால் போதாது, தரையை ஒட்டியும் காற்றுப் போக வழி வேண்டும். 14.2 கிலோ சிலிண்டரை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். அந்த அறைக்குக் கதவே போடாதீர்கள். ரப்பர் குழாய் 1.5 மீட்டருக்கு மேல் வேண்டாம், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கடையோடு ஒட்டிய வீடுகளில் எண்ணெய் டின்னையும் காலிச் சாக்கையும் சிலிண்டர் பக்கத்தில் அடுக்குகிறோம். நானும் அடுக்கியவன்தான். தீப்பிடித்தால் வீடும் போகும், சரக்கும் போகும். காஸ் கசிவுக்கு அவசர எண் 1906. அதைக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

மின்சாரத்தில் ஒன்றுதான். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் ஜங்ஷன் பாக்ஸில் மிக்ஸியோடு சேர்த்துச் செருகுகிறார்கள். எர்த்தோடு 16 ஆம்பியர் பிளக் ஒன்று தனியாக வேண்டும், தொட்டியிலிருந்து தள்ளி.

இதில் நம் வியாபாரக் கணக்கும் இருக்கிறது. அயப்பாக்கத்திலும் பூந்தமல்லியிலும் அடுக்குமாடிக்குப் போன வாடிக்கையாளர் முன்போல் மாதச் சாமான் வாங்குவதில்லையே என்று வருத்தப்படுகிறோம். வைக்க இடமில்லாதவர் 15 லிட்டர் எண்ணெய் டின்னை எங்கே வைப்பார்? அவருக்கு 5 கிலோ அரிசியும் அரைக் கிலோ பருப்பும் பத்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு அனுப்பி வைத்தால் அவர் நம்மை விட்டுப் போக மாட்டார். என்னிடம் சரக்கெடுக்கும் இரண்டு கடைக்காரர்கள் இதைச் செய்து பார்த்து, விட்டுப்போன வாடிக்கையில் கொஞ்சம் பிடித்திருக்கிறார்கள்.

தச்சரைக் கூப்பிடும் முன் தரையில் சாக்பீஸால் மேடையையும் தட்டையும் வரைந்து, சமைப்பவரை அதற்குள் நின்று குனிந்து, திரும்பி, கை நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அப்படிச் செய்தபோது, நான் குறித்த மேல் தட்டுக்கு அவள் கை நாலு அங்குலம் எட்டவில்லை. கோட்டை அழித்துக் கீழே போட்டேன். துவரம்பருப்பு இப்போது அங்கேதான் இருக்கிறது.